பந்தியில் லினக்ஸ் பேசலாமா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 34. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். புதிது வாங்க மனமில்லை. யூடியூப் பார்த்து நானே லினக்ஸ் மின்ட் போட்டேன். எடைக்குப் போட வைத்திருந்த லேப்டாப் இப்போது நன்றாக ஓடுகிறது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாராவது "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் போதும், ஆரம்பித்துவிடுகிறேன். போன மாதம் என் மச்சினன் கல்யாண வரவேற்பில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகலையிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். ரசம் வருவதற்குள் அவர் எழுந்துவிட்டார். "ஏனுங்க, உங்க வீட்டுக்காரரு ஏதாவது கம்பெனி ஏஜென்டுங்களா?" என்று என் மனைவியிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள். நான் சொல்வது நல்ல விஷயம்தானே? காசு மிச்சம், வைரஸ் கிடையாது. ஏன் யாரும் காதில் வாங்குவதில்லை? பேசுவதையே நிறுத்திவிடட்டுமா?

— பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஈரோடு

பதில்:

முதலில் ஒரு திருத்தம். வைரஸ் கிடையாது என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். வீட்டுக் கணினிகளைக் குறிவைக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை விண்டோஸுக்காக எழுதப்படுகின்றன. அதனால் உங்களுக்குத் தொந்தரவு குறைவு, அவ்வளவுதான். 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளுக்குள் யாரோ திருட்டுவழி ஒன்றை வைத்திருந்தது வெளியே வந்தது. கோப்புகளைச் சுருக்கிவைக்க லினக்ஸ் இயந்திரங்கள் எங்கும் பயன்படும் மென்பொருள் அது. சில லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகளுக்குள் இந்தத் திருட்டுவழி நுழைந்தும் இருந்தது. லாகின் ஆவதற்கு ஏன் அரை விநாடி கூடுதலாகிறது என்று ஒரு பொறியாளர் நோண்டிப் பார்த்ததால் உலகம் தப்பியது. உங்கள் சகலைக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. அடுத்த பந்தியில் தெரிந்தவர் உட்கார்ந்திருப்பார்.

இனி விஷயத்துக்கு வருவோம். "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று ஒருவர் சொல்வதை நீங்கள் கேள்வியாக எடுத்துக்கொள்கிறீர்கள். முக்கால்வாசி நேரம் அது வெறும் அலுப்பு. "அப்படியா, எப்ப வாங்கினது?" என்று கேட்டாலே சொன்னவருக்குப் போதும். மீதிக் கால்வாசி நேரம் அது நிஜமான கேள்விதான், ஆனால் அப்போதும் பதில் ஓஎஸ்ஸில் இருப்பதில்லை. ஏழெட்டு வருடத்து லேப்டாப் என்றால் உள்ளே பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமையும் 8 ஜிபி ஆக்கினால் அதே விண்டோஸ் எழுந்து ஓடும். சொன்னவரின் மெஷினைப் பார்க்காமலே மருந்தை நீட்டுவதால்தான் ஏஜென்ட் என்று நினைக்கிறார்கள். ஏஜென்ட்தான் கேட்பதற்கு முன்பே கையில் மருந்து வைத்திருப்பான்.

உங்கள் உற்சாகம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூட ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்ததில்லை. வாங்கிய மெஷினோடு அது வந்தது. ஆபீசில் கொடுத்ததை வாங்கிக்கொண்டோம். நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், பயந்துகொண்டே உங்கள் கையால் போட்டீர்கள், அது ஓடியது. அந்தச் சந்தோஷம் நியாயமானது. விண்டோஸ்காரர்கள் யாரும் பந்தியில் விண்டோஸைப் புகழ்வதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவர்களுக்கு அது மின்சாரம் மாதிரி. நின்றுபோனால், அல்லது அவசரமாக ஒரு பில் போட வேண்டிய நேரத்தில் அப்டேட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அன்றைக்குத்தான் அதன் பெயரே வாயில் வரும்.

"இலவசம்" என்ற சொல் நம் ஊரில் எடுபடாததற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 90-களின் கடைசியிலும் 2000-களிலும் நம் வீடுகளுக்குள் வந்த கணினிகளில் பெரும்பாலானவை அசெம்பிள்டு மெஷின்கள். சென்னை ரிச்சி தெருவிலோ, உங்கள் ஊர்க் கடையிலோ பாகங்களை வாங்கிப் பூட்டினார்கள். பூட்டித் தந்த பையனே விண்டோஸும் ஆபீஸும் போட்டோஷாப்பும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தான். லைசென்ஸ் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆக, உங்கள் சகலையின் கணக்கில் விண்டோஸும் இலவசம்தான். அவரிடம் போய் லினக்ஸ் இலவசம் என்றால் அவர் காதில் என்ன விழும்? அவரிடம் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது, அது வேறு. திருட்டு விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பலர், எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று அப்டேட்டை அணைத்துவைப்பார்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள். இதைச் சொல்லுங்கள். இதில் லினக்ஸ் என்ற பெயரே வர வேண்டியதில்லை.

நீங்கள் யோசிக்காத இன்னொன்று. ஒரு ஓஎஸ்ஸைப் பரிந்துரைப்பது வரன் சொல்வதைப் போன்றது. கல்யாணம் முடிந்தால் ஜோலி முடிந்தது என்று வரன் சொன்னவர் நினைப்பார், மறுவாரமே முதல் சண்டையின் பஞ்சாயத்து அவர் வீட்டு வாசலுக்கு வரும். சகலை உங்கள் பேச்சைக் கேட்டு மின்ட் போட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும். "பிரின்டர் எடுக்க மாட்டேங்குது." நம் ஊர் ஆபீஸ்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் எங்கே பார்த்தாலும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 பிரின்டர், கேப்ட் என்ற தனி முறையில்தான் கணினியோடு பேசும். விண்டோஸில் சிடி போட்டால் முடிந்தது. லினக்ஸில் அதை வழிக்குக் கொண்டுவருவதற்குள் உங்கள் பொறுமை போய்விடும். அடுத்த போன் டேலிக்காக வரும். அது விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். அதற்கடுத்து, ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா, எந்தப் பதிப்பில் வேலை செய்யும் என்று நீங்கள்தான் தேட வேண்டும். இந்த மூன்று போனையும் முகம் சுளிக்காமல் எடுக்கத் தயார் என்றால் தாராளமாகப் பேசுங்கள். எத்தனை பேருக்கு நீங்கள் போன் எடுக்க முடியுமோ அத்தனை பேரிடம் பேசுங்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்லும் அளவு.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். பகலெல்லாம் ஆபீசில் எதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள்? எனக்குத் தெரிந்தவரை ஈரோட்டு ஜவுளிக் கணக்கு விண்டோஸில்தான் ஓடுகிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "வீட்டில் பிரவுசிங், யூடியூப், பிள்ளைகள் பாடம், இதற்கெல்லாம் மின்ட் போதும். ஆபீஸ் வேலைக்கு எனக்கும் விண்டோஸ்தான்." இப்படிச் சொன்னால் எதிராளி இலையை விட்டு எழுந்திருக்க மாட்டார். முழுக்க நல்லது என்று சொல்லப்படும் எந்தப் பொருளையும் நம் ஜனங்கள் நம்புவதில்லை.

தவிர்க்க வேண்டிய ஒரு வாக்கியம் உண்டு. "உங்க கையில இருக்கிற போனே லினக்ஸ்தான் தெரியுமா?" ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸின் கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப்பகுதிதான். உலகின் அதிவேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸில் ஓடுபவைதான். இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருடைய பிரின்டர் ஓடாது. கேட்டவருக்கு மட்டம்தட்டப்பட்ட உணர்வுதான் மிஞ்சும். இந்த ஆட்டத்தை ஆடினால் எல்லாருமே தோற்போம். லினக்ஸுக்கு முந்தைய மினிக்ஸ் என்ற ஓஎஸ், இன்டெல் சில்லுகளுக்குள் ஒளிந்திருந்து ஓடுகிறது என்பது 2017-இல் தெரியவந்தது. உங்கள் லேப்டாப்பில் இன்டெல் சில்லு இருந்தால், நீங்களும் உங்களை அறியாமல் மினிக்ஸ்காரராக இருக்கலாம்.

மினிக்ஸ் என்றதும் ஒரு பழைய சண்டை ஞாபகம் வருகிறது. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு ஓஎஸ் எழுதிக்கொண்டிருப்பதாக மினிக்ஸ் பயன்படுத்துவோர் கூடும் இணையக் குழுவில் அறிவித்தார். ஐந்து மாதம் கழித்து, மினிக்ஸை எழுதிய ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் அதே இடத்தில் லினக்ஸின் கட்டுமானமே காலாவதியானது என்று எழுதினார். மாணவன் சுடச்சுடப் பதில் கொடுத்தான். கெர்னலை ஒரே பாளமாக எழுதுவதா, சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பதா என்பது வழக்கு. அந்தச் சண்டையை இன்றும் கணினி மாணவர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். காரணம், இருவருமே ஓஎஸ்ஸைக் கையால் எழுதியவர்கள். சண்டை ஒரு வடிவமைப்பைப் பற்றியது. நாம் போடும் சண்டை பெரும்பாலும் யார் புத்திசாலி என்பதைப் பற்றியது. லினக்ஸ் உலகத்துக்குள்ளேயே இதற்கு ஒரு கேலி உண்டு. ஆர்ச் லினக்ஸ் என்ற வகையை நிறுவுவது நெடுநாள் கொஞ்சம் கடினமாக இருந்தது. ஒவ்வொரு கட்டளையையும் கையால் அடிக்க வேண்டியிருந்தது. அதை நிறுவியவர்கள் சம்பந்தமே இல்லாத இடத்தில் "நான் ஆர்ச் வைத்திருக்கிறேன்" என்று செருகுவார்கள் என்பது உலகம் முழுக்கப் பரவிய நையாண்டி. அந்த நையாண்டியைச் செய்பவர்களும் ஆர்ச்காரர்களே. உங்கள் வியாதிக்கு உலக அளவில் துணை இருக்கிறது, கவலை வேண்டாம்.

சரி, எப்போது பேசலாம்? இப்போது பேசலாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போக வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 2016-இல் ஆசையாக வாங்கிய நல்ல லேப்டாப்கூட வெளியே நிற்கிறது. இந்த நிலையில் மாட்டியவர் உங்களிடம் "என்ன பண்றது?" என்று வாயைத் திறந்து கேட்டால், அது கேள்வி. அப்போது லினக்ஸை மட்டும் சொல்லாமல் மூன்று வழியையும் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவுசெய்தால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும். புதிய மெஷின் வாங்கலாம். அல்லது லினக்ஸ். மூன்றாவதில் அவர் கண் நின்றால், அதற்குமேல் பேசாதீர்கள், காட்டுங்கள். மின்ட்டை ஒரு பென்டிரைவில் போட்டு அவருடைய மெஷினிலேயே அதிலிருந்து கிளப்பலாம். உள்ளே இருக்கும் எதுவும் அழியாது. வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, அவருடைய பிரின்டர் அசைகிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உரக்கப் பேச வேண்டிய இடம் ஒன்றும் இருக்கிறது, அங்கே யாரும் பேசுவதில்லை. பொதுப் பணத்தில் கணினி வாங்கும் இடம். கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடம் பல வருடங்களாக லினக்ஸில்தான் நடக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐடி செய்முறைத் தேர்வையே அதில் எழுதுகிறார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடப் புத்தகத்தையும் அதற்கேற்ப எழுதியதால் அது நிலைத்தது. நம் பக்கம், 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக்கில் உருவானது. கணினியைக் கிளப்பும்போது எதற்குள் போவது என்று அதுவே கேட்கும். அந்த இரண்டாவது கதவு எதற்கு என்று பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு. வெறுமனே போட்டுக் கொடுத்தால் நிலைக்காது என்பதற்கு ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியும் உதாரணம். 2003-இல் லினக்ஸுக்கு மாறுவதாக முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி, 2017-இல் திரும்பவும் விண்டோஸுக்கே போவதாகத் தீர்மானம் போட்டார்கள். அரசியலும் உண்டு, ஊழியர்களின் புகார்களும் உண்டு. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கணினி வாங்கும் பேச்சு வந்தால் அங்கே எழுந்து நில்லுங்கள். பந்தியில் செலவழிக்கும் மூச்சை அங்கே செலவழிக்கலாம்.

பேச ஆள் வேண்டும் என்ற ஆசையும் தப்பில்லை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று 90-களின் கடைசியிலிருந்து இருக்கிறது, விழுப்புரம், காஞ்சிபுரம் போன்ற ஊர்களிலும் இப்படிக் கூடுகிறார்கள். 2012-இல் தொடங்கிய கணியம் இதழில் இதைப் பற்றித் தமிழிலேயே நிறையக் கட்டுரைகள் கிடைக்கும், நீங்களும் எழுதலாம். அங்கே யாரும் ரசத்துக்கு முன் எழுந்துபோக மாட்டார்கள். விடிய விடியப் பேசுவார்கள், அது வேறு பிரச்சினை.

கேள்வி:

சென்னை ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருக்கிறேன். எங்கள் டீமில் டெவலப்பர்கள் எல்லாருக்கும் மேக் கொடுத்திருக்கிறார்கள். டெஸ்டர்களுக்கு விண்டோஸ் லேப்டாப். மதியச் சாப்பாட்டில் "இன்னும் விண்டோஸா? பாவம்" என்று சிரிக்கிறார்கள். விளையாட்டுக்குத்தான் என்று தெரியும், ஆனாலும் தினமும் கேட்டால் எரிச்சலாக இருக்கிறது. என்ன பதில் சொல்ல?

— வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்:

அவர்கள் மேக்கைப் பற்றிப் பேசவில்லை அம்மா, பதவியைப் பற்றிப் பேசுகிறார்கள். யாருக்கு எந்த லேப்டாப் என்று முடிவெடுத்தது கம்பெனி. காசு கொடுத்ததும் கம்பெனி. நாளைக்கே டெஸ்டர்களுக்கு மேக் கொடுத்துவிட்டால் கிண்டல் நாற்காலிக்கோ பார்க்கிங்குக்கோ மாறும்.

மேக் வைத்திருப்பதில் அவர்களுக்கு நியாயமான காரணம் இருக்கலாம். ஐபோன் செயலி எழுதத் தேவையான எக்ஸ்கோடு மேக்கில் மட்டுமே ஓடும். 2020 கடைசியில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறிய பிறகு பேட்டரி நிற்கும் நேரமும் நன்றாகக் கூடியது. இவை வேலைக் காரணங்கள், இதற்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. உங்களிடமும் அதே மாதிரி ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் கம்பெனியின் மென்பொருளை வாங்கப்போகும் ஆபீஸ்களில் பெரும்பாலானவற்றில் விண்டோஸ்தான் இருக்கும். மேக்கில் அழகாக ஓடியது அங்கே எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பவர் நீங்கள். அடுத்தமுறை சிரித்தால், போன ரிலீஸில் விண்டோஸில் மட்டும் வந்த பக் எத்தனை என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுத் தயிர் சாதத்தைத் தொடருங்கள்.

இந்த ஏளனம் புதிதும் அல்ல. 1994-இல் இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ ஒரு வார இதழ்ப் பத்தியில் மெக்கின்டாஷைக் கத்தோலிக்கம் என்றும், விண்டோஸுக்கு முந்தைய டாஸைப் புராட்டஸ்டன்ட் என்றும் பிரித்து விளையாடினார். முன்னது படிப்படியாகக் கைபிடித்துக் கரையேற்றும், பின்னது நீயே படித்து நீயே பொருள் கொள் என்று விட்டுவிடும் என்பது அவர் வாதம். அவர் இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சிரித்தார். உங்கள் டீம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சிரிக்கிறது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடையே ஐபோன் இல்லாதவரின் செய்தி பச்சை நிறத்தில் வருவதே கேலிக்குக் காரணமாகிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை, வாட்ஸ்அப் எல்லாரையும் ஒரே நிறத்தில் உட்காரவைத்துவிட்டது.

கேள்வி:

விருதுநகரில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு, கூடவே ஆன்லைன் விண்ணப்பங்கள். கோரல்டிராவும் பேஜ்மேக்கரும்தான் எனக்குத் தெரியும். என் தங்கை மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். ஞாயிறு வந்தால் கடைக்கு வந்து, "பெரியம்மா, எல்லாம் திருட்டு சாஃப்ட்வேர், லினக்ஸ் போட்டுத் தரேன்" என்று உயிரை எடுக்கிறான். பாசமான பையன். மனம் நோகாமல் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

— வாசகி, விருதுநகர்

பதில்:

பத்திரிகை அடிக்கும் மெஷினில் தொடக்கூடாது என்று நேராகவே சொல்லுங்கள். கோரல்டிராவுக்கு 2000-இல் ஒரு லினக்ஸ் பதிப்பு வந்தது, சீக்கிரமே கைவிட்டுவிட்டார்கள். பேஜ்மேக்கர் 2001-இல் வந்த ஏழாவது பதிப்போடு நின்றுபோனது, அதை லினக்ஸில் ஓட்டிக்காட்டுவது ஞாயிற்றுக்கிழமை வித்தையாக இருக்கலாம், முகூர்த்த மாதத்தில் கடை நடத்த உதவாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நீங்கள் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த கோப்புகள் வேறு இருக்கும். இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் என்று அவன் சொல்லும் மாற்றுகள் நல்லவைதான். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியவர் அவன் இல்லை, நீங்கள்.

அவன் சொல்வதில் பாதி சரி என்பதையும் மறைக்க விரும்பவில்லை. லைசென்ஸ் இல்லாத விண்டோஸைத் திறந்துவிட உபயோகிக்கும் ஆக்டிவேட்டர்கள், முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அந்த மெஷினில்தான் வாடிக்கையாளர்களின் ஆதாரும் சாதிச் சான்றிதழும் டவுன்லோட்ஸ் போல்டரில் கிடக்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும் பென்டிரைவைச் செருகுகிறார்கள்.

ஆகவே பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். பரணில் பழைய சிபியு ஏதாவது இருந்தால் அதில் அவன் லினக்ஸ் போடட்டும். ஆன்லைன் விண்ணப்பமும், வெளி ஆளின் பென்டிரைவைத் திறப்பதும் இனி அந்த மெஷினில் மட்டும். பிரவுசரும் பிடிஎஃப்பும் போதும் என்பதால் அங்கே அது நன்றாகவே ஓடும். பிரின்டர் எடுக்கவில்லை என்றால் சரிசெய்யும் பொறுப்பும் அவனுடையது. வாரநாளில் பிரச்சினை வந்தால் போன் எடுப்பானா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். எடுக்கிறேன் என்றால் நல்ல பையன், விட்டுவிடாதீர்கள்.

ஒருவேளை இந்தப் பதில் அச்சாகி வருவதற்குள் அவன் உங்கள் பெரிய மெஷினிலேயே கைவைக்கத் தயாராகிவிட்டால், சிடிஆர், பிஎம்டி கோப்புகளை மட்டும் காப்பி எடுத்தால் போதாது. சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் போல்டரை அப்படியே ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்களில் ஒரே பெயரில் வெவ்வேறு பதிப்புகள் உலவுகின்றன. இடம் மாறிய ஒரு எழுத்து போதும், மாப்பிள்ளை பெயரே வேறாகிவிடும்.